ஊரோடு சேர எந்த வழி? மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு தேர்வுகள்: ஓர் ஒப்பீடு

பள்ளிப் படிப்பை முடித்த அல்லது விபத்தாலோ நோயாலோ வேலையை விட நேர்ந்த ஒரு மாற்றுத்திறனாளியின் வீட்டில், சில மாதங்களுக்குள் ஒரு கேள்வி தலைதூக்கும். மருத்துவம் ஒரு நிலைக்கு வந்திருக்கும். பயிற்சிகள் தவறாமல் நடந்துகொண்டிருக்கும். வீட்டாரின் அன்புக்கும் குறைவிருக்காது. ஆனாலும் ஏழு கிழமைகளும் ஒரே கிழமையைப் போலக் கழியும். பெற்றோர், உடன்பிறந்தோர், சம்பளம் வாங்கும் உதவியாளர் ஆகியோரைத் தவிர அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வெளியில் ஒருவரும் இல்லை என்பது ஒரு நாள் திடீரென்று உறைக்கும். இனி என்ன செய்வது என்ற யோசனை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த யோசனையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் வெளியிடங்களில் பங்கேற்க உடன் சென்று உதவும் துணையாளாக நான் பல ஆண்டுகள் பணிபுரிந்திருக்கிறேன்; குடும்பங்கள் இந்த முடிவை எடுப்பதையும், எடுத்த முடிவை மாற்றிக்கொள்வதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நான்கு வழிகள் முன்னால் நிற்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடக்கும் பகல்நேர மையத்திலோ குழுவிலோ சேர்வது முதலாவது. எல்லாருக்குமான நூலகம், பாடகர் குழு, விளையாட்டுச் சங்கம், தோட்டக் குழு போன்ற ஒன்றில் ஒரு துணையாளோடு சேர்வது இரண்டாவது. நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து அவரைச் சுற்றி ஒரு துணைவட்டமாக அமைவது மூன்றாவது. உதவிக்கான பணத்தை அவர் கையிலேயே கொடுத்து, தனக்கு வேண்டிய தனி உதவியாளரை அவரே அமர்த்திக்கொள்ளச் செய்வது நான்காவது.

இவற்றை எதைக் கொண்டு அளப்பது? அமெரிக்காவில் இத்துறையில் நெடுங்காலம் உழைத்த ஜான் ஓ'பிரையன், ஊரில் இருப்பது வேறு, ஊரில் பங்கேற்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். வாரத்துக்கு மூன்று முறை கடைவீதிக்கும் பூங்காவுக்கும் அழைத்துச் செல்லப்படும் ஒருவர் ஊரில் இருக்கிறார். ஆனால் அங்கே அவரோடு பேசுவது அழைத்து வந்தவர் மட்டும்தான் என்றால், அவர் பங்கேற்கவில்லை. சேவை நிறுவனங்களின் அறிக்கைகளில் எத்தனை முறை வெளியே சென்றார் என்ற கணக்குத்தான் பெரும்பாலும் இருக்கிறது. எண்ணுவதற்கு அது எளிது. நான் கைக்கொள்ளும் அளவுகோல் வேறு: அவர் ஒரு வாரம் வராமல் போனால், அதற்காகச் சம்பளம் வாங்காத ஒருவராவது "ஏன் வரவில்லை?" என்று கேட்பாரா? இந்தக் கேள்வியை நான்கு வழிகளிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது யாரோ இரக்கப்பட்டுச் செய்து தரும் ஏற்பாடு அன்று. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்டு, 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையையும், சமூகத்தில் சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான உதவியைப் பெறும் உரிமையையும், பொதுமக்களுக்கான வசதிகள் தமக்கும் சமமாகக் கிடைக்கும் உரிமையையும் சொல்கிறது. கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்பதை 30ஆவது பிரிவு தனியாகவே எடுத்துப் பேசுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், அதாவது 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட மதிப்பீடு. ஆகவே, ஒரு சங்கத்தின் கதவைத் தட்டும்போது தயவு கேட்டு நிற்பவராகக் குடும்பத்தார் தம்மை எண்ணிக் குறுக வேண்டியதில்லை.

முதல் வழியைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மற்றவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் மையம் ஒன்று. மாற்றுத்திறனாளிகள் தாமே கூடித் தமக்காக நடத்தும் குழு மற்றொன்று. மையத்தில் காலையில் வண்டி வரும், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும். இடையில் பயிற்சி பெற்ற ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் தாய் தன் வேலைக்குப் போய்வர முடியும், தந்தை சற்றே படுத்து எழ முடியும். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஓய்வே அறியாத குடும்பத்தால் வேறு எந்த வழியையும் முயன்று பார்க்க இயலாது. ஆனால் என் அளவுகோலை அங்கே வைத்தால், வராத நாளைக் கவனிப்பது வருகைப் பதிவேடுதான். உடன் இருப்பவர்கள் நண்பர்களாகலாம், உண்மையாகவே ஆகிறார்கள். ஆயினும் மாலையில் ஆளுக்கொரு திசையில் வண்டியேறிப் போனபின் அந்த நட்பு தொடர யாராவது ஏற்பாடு செய்தால்தான் உண்டு. மையத்துக்கு வெளியே உள்ள ஊர், இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையே அறியாமல் இருந்துவிடுகிறது.

தாமே நடத்தும் குழுக்களின் கதை வேறு. 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் தாமே கூடிப் பேசி, 'முதலில் நாங்கள் மனிதர்கள்' என்ற பொருள்பட 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று தம் அமைப்புக்குப் பெயரிட்டார்கள். அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. காதுகேளாதோர் சங்கங்களை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சைகை மொழி பேசும் ஒருவருக்கு, கையசைவு தெரியாத ஐம்பது பேர் உள்ள பொதுச்சங்கத்தைவிட, அம்மொழியில் சிரித்துப் பேசிச் சண்டையும் போடக்கூடிய பத்துப் பேர் உள்ள இடமே ஊராக இருக்கக்கூடும். 'தனிக்குழு என்றாலே ஒதுக்கிவைப்பு' என்று சிலர் ஒரே வீச்சில் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. யார் நடத்துகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், விரும்பியவர் விரும்பியபோது வெளியேற முடியுமா என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். மிக எளிதாகக் கெட்டுப்போகும் வழியும் அதுவே.

நான் துணையாளாக உடன் சென்றவர்களுள் ஒருவர் முப்பது வயது கடந்தவர். அறிவுத்திறன் குறைபாடு உண்டு. பேச்சு மெதுவாக வரும். எண்கள் என்றால் அவருக்கு அத்தனை பிரியம். ஒரு நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணின்படி அலமாரியில் அடுக்கும் தன்னார்வப் பணியில் சேர்ந்தார். நான் அவருடைய இடத்தோளை ஒட்டியே நின்றேன். நூலகர் நல்ல மனம் படைத்த பெண்மணி. "இவருக்குக் களைப்பாக இருக்கிறதா?" என்று என்னிடம் கேட்பார், நான் பதில் சொல்வேன். "அடுத்த வாரமும் வருவாரா?" என்பார், அதற்கும் நானே பதில் சொல்வேன். மூன்றாவது வாரம் வீடு திரும்பும்போதுதான் உணர்ந்தேன்: அன்று அவருக்குரிய ஒவ்வொரு சொல்லும் என் வழியாகவே போய் வந்திருந்தது. அவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே நின்றது நான்தான்.

அடுத்த வாரம் அவரிடம் சொல்லிவிட்டு, சன்னலோரத்து மேசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிறிது நேரத்தில் தள்ளுவண்டி நின்றுவிட்டது. அவரும் அசையாமல் நின்றார். நூலகர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். எழுந்து போய்விடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் நூலகர் தாமே அவர் அருகில் சென்று, "என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வர ஏறக்குறைய பத்து வினாடி பிடித்தது. "சக்கரம்" என்றார். சக்கரம் தரைவிரிப்பின் ஓரத்தில் சிக்கியிருந்தது. இருவரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி விடுவித்தார்கள். அதற்கடுத்த வாரம் நாங்கள் போனபோது அந்த விரிப்பு அங்கே இல்லை. அவரிடம் ஒன்றைக் கேட்டால் பத்து வினாடி காத்திருக்க வேண்டும் என்பதையும் அன்று அந்த நூலகர் கற்றுக்கொண்டார்; நான் தோளோடு ஒட்டி நின்றிருந்தால் ஓராண்டு ஆனாலும் கற்றிருக்கமாட்டார். பல மாதம் கழித்து, நான் துணை சென்ற அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, நூலகத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. அவரிடமே பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இவ்வழி பலிப்பதற்கும் பலிக்காததற்கும் காரணம் உண்டு. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், வெவ்வேறு பிரிவினரிடையே உள்ள தப்பெண்ணம் எப்போது குறையும் என்பதை ஆராய்ந்து 1954இல் நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார்: கூடுகிறவர்கள் அந்த இடத்தில் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு ஒன்று வேண்டும், அதற்காக ஒருவரோடொருவர் ஒத்துழைக்க வேண்டும், அந்த இடத்தில் அதிகாரம் உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும். அவர் பேசியது முக்கியமாக இனப்பாகுபாட்டைப் பற்றி; ஆயினும் நம் பொருளுக்கும் அது அச்சாகப் பொருந்துகிறது. அதனால், சேரத்தக்க குழுவைத் தேடும்போது அதன் புகழையோ கட்டடத்தையோ பார்ப்பதைவிட, அதே ஆட்கள் வாராவாரம் வருகிறார்களா, கையால் செய்ய ஒரு வேலை இருக்கிறதா, இவருக்கென்று ஒரு பொறுப்பைத் தர முடியுமா என்று பார்ப்பது மேல். ஆயிரம் பேர் வந்து கலையும் விழாவில் ஒருவரை மேடையேற்றிக் கைதட்டுவதால் இவற்றுள் ஒன்றும் நிகழ்வதில்லை. எட்டுப் பேர் உள்ள பாடகர் குழுவில் பாட்டுத்தாள்களை எடுத்து வைப்பவராக இருந்தால் எல்லாமே நிகழ்கின்றன, ஏனெனில் அவர் வராவிட்டால் தாள்கள் வராது.

துணையாளின் திறமையும் இங்கே பெரிதாகக் கணக்கில் வருகிறது. வேலையை முழுவதும் தானே செய்து முடித்துவிட்டு அவரை அருகில் உட்காரவைப்பதும் தவறு. ஒன்றும் செய்யாமல் விட்டு அவரைத் தோற்கவிடுவதும் தவறு. முதலில் ஒரு சொல், போதவில்லை என்றால் ஒரு சைகை, பிறகு செய்து காட்டுவது, அதற்கும் பிறகே கைபிடித்து நடத்துவது என்று அந்தக் கணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உதவியை மட்டும் தர வேண்டும். நீண்ட நேரம் முடியாதவருக்குக் குறைந்த நேரத்தை அடிக்கடி அமைத்துத் தர வேண்டும். குழுவில் இருப்பவர்களுக்கும் துணையாள் உதவ வேண்டியிருக்கும், பெரும்பாலும் தான் பதில் சொல்லாமல் இருப்பதன் மூலமாக. துணையாளைத் தேர்ந்தெடுக்கும்போது "நீங்கள் எப்படி விலகிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்பவர் கிடைத்தால் விடாதீர்கள். மறுபுறம், உடல்நிலை காரணமாக எந்நேரமும் பக்கத்தில் ஆள் தேவைப்படுகிறவர் விஷயத்தில் உடலால் விலக முடியாது. அங்கே துணையாள் பேச்சிலிருந்தும் பார்வையிலிருந்தும் விலகக் கற்க வேண்டும். அது இன்னும் கடினம்.

மூன்றாவது வழியான துணைவட்டத்துக்குக் கனடாவில் ஒரு புகழ்பெற்ற தொடக்கம் உண்டு. கடும் உடலியக்கக் குறைபாட்டோடு வாழ்ந்த ஜூடித் ஸ்நோவுக்கு, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், பராமரிப்பு நிலைய வாழ்க்கையிலிருந்து மீள்வதற்கு மார்ஷா ஃபாரஸ்ட் முதலிய நண்பர்கள் வட்டமாகக் கூடித் துணைநின்றார்கள். அந்த அனுபவத்தை அவர்கள் பிறகு உலகெங்கும் கற்பித்தார்கள். ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை அவரோடு கூடி அமர்ந்து, அவருடைய கனவு என்ன, அதற்கு அடுத்த அடி என்ன, அதில் யார் எதைச் செய்வது என்று பேசுவதுதான் நடைமுறை. வராத நாளில் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் திடமான பதிலைத் தரும் வழி இல்லை. பெற்றோரின் நெஞ்சில் கனக்கும் 'எங்களுக்குப் பிறகு யார்?' என்ற கேள்வியையும் நேராக எதிர்கொள்வது இது ஒன்றே. ஆயினும் ஒருவராவது முன்நின்று நாள் குறித்து, எல்லாரையும் அழைத்து நடத்தாவிட்டால் இந்த வட்டம் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். அன்றாடம் தூக்கிவிடவும் குளிப்பாட்டவும் வட்டத்தை நம்பியிருக்கவும் கூடாது. அந்தப் பாரத்தை ஏற்றினால் நண்பர்கள் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கேட்பதற்குக் கூச்சம் என்பதே குடும்பங்களுக்குப் பெரிய தடை. கேட்டுப் பார்த்தவர்களில் பலர், எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் 'சரி' என்றதாகவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான்காவது வழி அதிகாரத்தை இடம் மாற்றுகிறது. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, மூச்சுவிட உதவும் 'இரும்பு நுரையீரல்' என்ற எந்திரத்தின் துணையோடு வாழ்ந்த எட் ராபர்ட்ஸும் தோழர்களும் முன்னெடுத்த இயக்கத்தின் பயனாக 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சுயேச்சை வாழ்வு மையம் உருவானது; உதவி பெறுகிறவரே உதவியை இயக்க வேண்டும் என்ற கருத்து அங்கிருந்து பரவியது. ஸ்வீடனில் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தனி உதவியாளரைப் பெறுவதை உரிமையாக்கியது; பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், சேவைக்குப் பதிலாகப் பணத்தையே நேரடியாகக் கொடுக்க வழிசெய்தது. காலை ஆறு மணிக்கு எழுவதா பத்து மணிக்கா, இன்றிரவு இசை நிகழ்ச்சிக்குப் போவதா வேண்டாமா என்பதை மையத்தின் கால அட்டவணை தீர்மானிக்காமல் அவரே தீர்மானிக்கிறார். தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடிய, ஆனால் உடலியக்கத்துக்கு நிறைய உதவி தேவைப்படுகிற ஒருவருக்கு இதற்கு இணையில்லை என்றே சொல்வேன். ஆனால் ஆளைத் தேடுவது, ஒப்பந்தம் போடுவது, விடுப்புக் கணக்குப் பார்ப்பது, திடீரென்று வராத நாளில் மாற்று ஆள் பிடிப்பது என எல்லாம் அவர் தலையில் விழும். கணக்குவழக்கில் துணை செய்ய ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் இது பெரிய சுமை. மேலும், உதவியாளர் கதவுவரை கொண்டுபோய் விடுவார். கதவுக்கு அப்பால் இருப்பவர்கள் நண்பர்களாவது அவர் கையில் இல்லை. எங்கும் போகும் சுதந்திரம் கிடைத்த பிறகும் தனிமை தீராதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வழியில் சொன்ன குழுத்தேர்வு இவர்களுக்கும் வேண்டும்.

எந்த வழியாயினும், கட்டடத்துக்குள் நுழைய முடியாவிட்டால் பேசிப் பயனில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் அமைந்த சாய்தளம், சக்கர நாற்காலி திரும்புமளவு இடமுள்ள கழிப்பறை, எளிய சொற்களில் எழுதிய அறிவிப்பு, இரைச்சல் தாங்காதவர் சற்று நேரம் ஒதுங்கியிருக்க ஓர் அறை ஆகியவற்றை முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். தொலைபேசியில் "எல்லா வசதியும் உண்டு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. வாசலில் இருக்கும் ஒற்றைப் படி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

காலத்தைப் பொறுத்தவரை, மையத்தில் அடுத்த வாரமே சேர்ந்துவிடலாம். பொதுக்குழுவில் ஒருவர் வேர்பிடிக்க, என் அனுபவத்தில், ஆறு மாதத்துக்குக் குறையாது. துணைவட்டத்துக்கு அதைவிட அதிகமாகும். செலவில், தொடக்கத்தில் பொதுக்குழு வழிதான் கூடுதலாகத் தெரியும், ஏனெனில் ஒருவருக்கு ஒரு துணையாள்; அவர் விலக விலகச் செலவு இறங்கும். மையத்தின் செலவு இறங்குவதேயில்லை. ஆபத்து என்று பார்த்தால், பொது இடத்தில் கேலியும் புறக்கணிப்பும் நேரக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. நேர்ந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூடிய இடங்களிலும் கொடுமை நடக்கிறது, அதுவும் பார்ப்பதற்கு வெளியாள் இல்லாமல் நடக்கிறது. பல கண்கள் அறிந்த மனிதருக்குப் பாதுகாப்பு அதிகம் என்பதே என் உறுதியான எண்ணம்.

பேச்சு வராதவரின் விருப்பத்தை எப்படி அறிவது என்று பலர் கேட்கிறார்கள். கிளம்பும் நாளில் காலணியைத் தாமே தேடி எடுக்கிறாரா, அந்த வாசலில் தயங்குகிறாரா விரைகிறாரா, திரும்பி வந்த இரவு எப்படி உறங்குகிறார் என்பவையெல்லாம் பதில்கள். ஒருமுறை போய்விட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி. புதிய இடம் யாருக்கும் முதல் நாளில் பிடிப்பதில்லை. மனநலக் குறைபாட்டிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு வேறொன்றையும் சொல்ல வேண்டும்: 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ் முறையில், உறுப்பினர்களும் பணியாளர்களும் தோளோடு தோள் நின்று அந்த இல்லத்தின் வேலைகளைச் செய்கிறார்கள். ஒரே தாவலில் பொதுக்குழுவுக்குப் போக முடியாதவருக்கு அப்படிப்பட்ட இடம் நல்ல முதற்படியாகும்.

என்னைக் கேட்டால், இரண்டாவது வழியை நடுவில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்கச் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள் மையம், குடும்பம் மூச்சுவிடுவதற்காக. ஒரு நாள், அவர் விரும்பும் வேலை நடக்கும் பொதுக்குழு, விலகத் தெரிந்த துணையாளோடு. அங்கே முளைக்கும் இரண்டு மூன்று நட்புகளைக் கொண்டு, அடுத்த ஆண்டு ஒரு சிறு வட்டம். உதவிப் பணம் அவர் கைக்கு வரக்கூடிய நாடாக இருந்தால், துணையாளை அமர்த்தும் உரிமையும் அவருடையதாகட்டும். சைகை மொழியில் வாழ்பவருக்கும், தம்மைப் போன்றோரின் அமைப்பில் ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவருக்கும் இந்த வரிசை பொருந்தாது; அவர்கள் தங்கள் குழுவையே நடுவில் வைத்துக்கொள்ளட்டும்.

தொடங்கி மூன்று மாதம் ஆனதும் ஒரு நாள் குறித்து உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் அவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்குப் புரியும்படி படங்களோ பொருள்களோ மேசைமேல் இருக்கட்டும். அங்கே அவருக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவருடைய பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர், துணையாள் எத்தனை நிமிடம் விலகியிருந்தார், அவர் கையில் இருக்கும் பொறுப்பு என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் அதே தாளை எடுத்து, அதன் கீழேயே எழுதுங்கள். எண்கள் அசையவே இல்லை என்றால் முதலில் துணையாளை மாற்றிப் பாருங்கள், பிறகு குழுவை. அவரால் முடியாது என்று மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.